கேஸ் மாத்திரையும் கால்சியம் மாத்திரையும்

முழங்கால் வலி என்று போகும் அறுபது வயதுப் பெண்மணிக்கு நம் ஊரில் எழுதித் தரப்படும் மருந்துச் சீட்டு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு வலி மாத்திரை. அது வயிற்றைப் புண்ணாக்கிவிடாமல் இருக்க, காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு பான்டோப்ரசோல். எலும்புத் தேய்மானத்துக்கு ஒரு கால்சியம். வலி மாத்திரை பத்து நாளில் நின்றுவிடும். மற்ற இரண்டும் நிற்பதில்லை. மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டினால் போதும், ஆண்டுக்கணக்கில் கிடைத்துக்கொண்டே இருக்கும். மறந்துவிடக் கூடாதே என்று பலர் இரண்டையும் விடிந்ததும் சேர்த்தே போட்டுக்கொள்கிறார்கள்.

ஒன்று அமிலத்தை நிறுத்துகிறது. மற்றொன்றோ கரைவதற்கு அமிலத்தை எதிர்பார்க்கிறது. இந்த முரண் எலும்பை எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதை மருத்துவ ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். வெளியில் உலவும் பதில்கள் இரண்டு. ‘கேஸ் மாத்திரை எலும்பை அரித்துவிடும்’ என்பது ஒன்று. ‘எத்தனை வருஷம் போட்டாலும் ஒன்றும் ஆகாது’ என்பது மற்றொன்று. ஆய்வுகளைக் காலவரிசைப்படி படித்துப் பார்த்தால் இரண்டுமே நிற்கவில்லை. ஆபத்து இருக்கிறது; ஆனால் அது பயமுறுத்தும் அளவுக்குப் பரந்து கிடக்காமல், குறிப்பிட்ட சில இடங்களில் ஒதுங்கியிருக்கிறது. அந்த இடங்களில் பெரும்பாலானவை செலவே இல்லாமல் சரிசெய்யக்கூடியவை. அப்படியிருந்தும் அவை கவனிக்கப்படாமல் போவதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் என்று நிறுவியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் பிரவுட். அவருடைய கட்டுரை 1824-இல் வெளியானது. ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து வயிற்றில் ஆறாத துளையோடு பிழைத்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் இரைப்பைக்குள் உணவை நூலில் கட்டி இறக்கி, அது கரைவதை நேரில் பார்த்துக்கொண்டிருந்தார் வில்லியம் போமான்ட் என்ற ராணுவ மருத்துவர். அவருடைய நூல் 1833-இல் வந்தது. செரிமானம் என்பதில் ஒரு பெரும்பகுதி வேதியியல்தான் என்பது அதன்பிறகு யாராலும் மறுக்க முடியாத உண்மையாயிற்று.

இரைப்பைச் சுவரில் உள்ள பேரைட்டல் செல்கள் இந்த அமிலத்தைச் சுரக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் புரோட்டான் பம்ப் என்னும் புரதம் ஒரு பொட்டாசியம் அயனியை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. இரத்தத்தில் இருப்பதைவிட 10 லட்சம் மடங்குக்கும் மேலாக ஹைட்ரஜன் அயனியை இரைப்பைக்குள் குவிக்கக்கூடியது அது. சாப்பிடாமல் இருக்கும்போது இரைப்பையின் பிஎச் அளவு 1 முதல் 2 வரை இருப்பது இதனால்தான். உடல் இவ்வளவு ஆற்றலைச் செலவழித்து இந்த அமிலத்தைச் செய்வதற்குக் காரணங்கள் உண்டு. கிருமிகளைக் கொல்ல வேண்டும், புரதத்தை உடைக்கும் பெப்சினை முடுக்க வேண்டும், உணவோடு சேர்ந்து வரும் தாது உப்புகளைக் கரைத்து அயனிகளாகப் பிரிக்க வேண்டும். நம் விஷயம் கடைசியில் சொன்னது.

இந்த அமிலத்தை அடக்கும் முதல் வலுவான மருந்து சிமெட்டிடின். ஜேம்ஸ் பிளாக்கின் குழு கண்டறிந்த அந்த மருந்து 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அல்சருக்காக வயிற்றைக் கிழித்து அறுவை செய்த காலம் அதோடு முடியத் தொடங்கியது. பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஸ்வீடனிலிருந்து ஒமெப்ரசோல் வந்தது. சிமெட்டிடின் அமிலம் சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமின் சமிக்ஞையை மட்டும்தான் தடுக்கும். ஒமெப்ரசோலும் அதன் வழிவந்த பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் ஆகியவையும் பம்பிலேயே போய் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கின்றன. புதிய பம்புகள் உருவானால்தான் அமிலம் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்குச் சில நாள் ஆகும். இரத்தம் கசியும் அல்சர் உள்ளவருக்கும், இதய நோய்க்காக ஆஸ்பிரினோடு இரத்தம் உறையாமலிருக்க இன்னொரு மருந்தும் சாப்பிடுபவருக்கும் இது உயிர்காக்கும் மருந்து. இக்கட்டுரையில் எந்த வரியையும் அதற்கு எதிராகப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கால்சியத்துக்கு வருவோம். நம் கடைகளில் கிடைக்கும் கால்சியம் மாத்திரைகளில் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட். சிப்பி ஓடு, முட்டை ஓடு, சுண்ணாம்புக்கல் எல்லாம் இதே பொருள்தான். விலை குறைவு, எடையில் 40 சதவீதம் கால்சியம் என்பதால் மாத்திரையும் கைக்கடக்கமாக இருக்கும். 500 மில்லிகிராம் என்று அட்டையில் போட்டிருக்கும் மாத்திரையில் 1,250 மில்லிகிராம் கார்பனேட் இருக்கிறது. ஆனால் வெறும் தண்ணீரில் இது கரையாது. அமிலம் பட்டால்தான் கார்பன் டை ஆக்சைடை நுரைத்து விட்டுவிட்டுக் கால்சியம் தனியே பிரியும். கால்சியம் சிட்ரேட் அப்படியல்ல, அமிலத்தை அவ்வளவாக நம்பியிராது. அதில் கால்சியத்தின் பங்கு 21 சதவீதம்தான் என்பதால் மாத்திரை பெரிதாகும், விலையும் கூடும்.

இந்த வேறுபாடு மனித உடலில் என்ன செய்கிறது என்பதை நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில், கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கர் சோதித்தார். 1985-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான அந்த ஆய்வு சின்னது: அமிலமே சுரக்காத 11 பேர், இயல்பாகச் சுரக்கும் 9 பேர். வெறும் வயிற்றில் கார்பனேட் கொடுத்தபோது, இயல்பானவர்கள் அதிலிருந்த கால்சியத்தில் சுமார் 22 சதவீதத்தை உறிஞ்சினார்கள். அமிலம் இல்லாதவர்கள் உறிஞ்சியது 4 சதவீதம். சிட்ரேட் கொடுத்தபோதோ அமிலம் இல்லாதவர்கள் 45 சதவீதம் உறிஞ்சினார்கள், மற்றவர்களைவிடவும் கூடுதலாக.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதே கட்டுரையில் அடுத்து இருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமிலமில்லாத அதே நோயாளிகளுக்கு, அதே கார்பனேட்டைக் காலை உணவோடு சேர்த்துக் கொடுத்தார் ரெக்கர். உறிஞ்சுதல் இயல்பான அளவுக்கு வந்துவிட்டது. அவர்களுடைய வயிற்றில் அப்போதும் அமிலம் இல்லை. உணவு இருந்தது, அவ்வளவுதான்.

முந்தைய ஆண்டே, 1984-இல், டாலஸ் நகரில் ஜான் ஃபோர்ட்ரான் குழுவினர் வேறு பாதையில் இதே இடத்துக்கு வந்திருந்தார்கள். சிமெட்டிடினை அதிக அளவில் கொடுத்து அமிலத்தை அடக்கிவிட்டு, உணவோடு வரும் கால்சியம் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார்கள். அது குறையவில்லை. உணவிலிருந்த கால்சியம் கார்பனேட்டாக இருந்தபோதும் குறையவில்லை.

புரோட்டான் பம்பைத் தடுக்கும் மருந்துகள் வந்தபின் இதே கதை மறுபடி நடந்தது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 65 வயதைக் கடந்த 18 பெண்களுக்கு ஒரு வாரம் ஒமெப்ரசோல் கொடுத்து, இரவு முழுக்கப் பட்டினி இருக்கச் செய்து, காலையில் கார்பனேட் கொடுத்தார்கள். உறிஞ்சுதல் 9.1 சதவீதத்திலிருந்து 3.5 சதவீதத்துக்கு இறங்கியது. 2010-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு மாதம் ஒமெப்ரசோல் கொடுத்துவிட்டு, கால்சியத்தை உணவோடு கொடுத்துப் பார்த்தார்கள். மாற்றம் ஏதும் தெரியவில்லை. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பதாகச் செய்திகளில் எழுதப்பட்டது. வெறும் வயிறா, சாப்பாட்டுடனா என்பதைச் சேர்த்துப் படித்தால் இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

உணவு எப்படி அமிலத்தின் இடத்தை நிரப்புகிறது? உணவு இருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. மாத்திரை சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் போகிறது, கரைவதற்கும் உறிஞ்சப்படுவதற்கும் நேரம் கிடைக்கிறது. உணவிலேயே புளிப்பு அமிலங்கள் உண்டு. பம்பை அடக்கும் மருந்துகளும் அமிலத்தை அடியோடு துடைத்துவிடுவதில்லை. இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரைப்பையில் கரைந்த கால்சியம் சிறுகுடலுக்குள் நுழைந்ததும் அங்கே கணையநீர் அமிலத்தை முறித்துவிடுகிறது. கரைந்ததில் ஒரு பகுதி மறுபடி கரையாத உப்பாகப் படிந்துவிடலாம். உறிஞ்சப்படுவது அங்கேதான். ஆகவே இரைப்பையில் கரைவது முதல் வாசல் மட்டுமே.

நம் தட்டில் உள்ளவற்றைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பாலில் உள்ள கால்சியத்தில் ஏறக்குறைய 28 சதவீதம் உடலில் சேர்கிறது, பாலக் கீரையில் உள்ளதில் 5 சதவீதம்தான் சேர்கிறது என்று அதே கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹீனி 1988-இல் காட்டினார். பாலக்கின் ஆக்சலேட் கால்சியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது; இரைப்பையில் எவ்வளவு அமிலம் இருந்தாலும் குடலில் அந்தப் பிடி தளர்வதில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தானியங்களில் இதை மிஞ்சியது கிடையாது. அதிலும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஃபைட்டேட் உண்டு. ஊறவைத்து முளைகட்டினாலோ கூழாகப் புளிக்கவைத்தாலோ அது குறையும். வைட்டமின் டி போதாதபோது மேலே சொன்ன எதுவுமே முழுதாக வேலை செய்யாது. கால்சியத்தைக் குடல் செல்களுக்குள் கடத்தும் புரதங்கள் உருவாவதே அதன் கட்டளையில்தான். எலும்பைப் பற்றிய பேச்சில் அமிலத்துக்கு மட்டும் முதலிடம் கொடுப்பது தவறு என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

ஆனாலும் அமிலம் இல்லாமல் போனால் எலும்பு தாங்காது என்பதற்கு ஆணித்தரமான ஒரு சான்று இருக்கிறது. அது எலிகளிடமிருந்து வந்தது. 2009-இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆம்லிங் குழுவினர் நேச்சர் மெடிசின் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களும் அமிலத்தைச் சுரந்துதான் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றில் இருக்கும் அமிலப் பம்ப் இரைப்பைப் பம்பிலிருந்து வேறுபட்டது. அதன் ஒரு பகுதியைச் செய்யும் ஜீன் பழுதானால் பழைய எலும்பு கரையாமல் தேங்கி, எலும்பு கல்போல் இறுகும் அரிய நோய் வருகிறது. குழந்தைகளில் அது உயிரைப் பறிக்கக்கூடியது. புரியாத புதிர் ஒன்று அதில் இருந்தது: எலும்பு நிறைய இருந்தும் அந்த எலும்பில் போதிய சுண்ணாம்புச் சத்து ஏறாமல், ரிக்கெட்ஸ் நோய்போல மென்மையாக இருக்கும். அதே ஜீன் இரைப்பையின் அமிலச் செல்களிலும் வேலை செய்கிறது என்பதை ஹாம்பர்க் குழு கண்டது. ஆஸ்டியோகிளாஸ்ட் மட்டும் பழுதான எலிகளுக்கு ரிக்கெட்ஸ் வரவில்லை. இரைப்பை அமிலமும் சேர்ந்து குறைந்த எலிகளுக்கே வந்தது.

பிறகு அவர்கள் ஆஸ்டியோகிளாஸ்ட் நன்றாக இருந்து, இரைப்பை அமிலம் மட்டும் குறைந்த எலிகளைப் பார்த்தார்கள். அவற்றுக்கு எலும்புச் சிதைவு நோயான ஆஸ்டியோபோரோசிஸ் வந்திருந்தது. காரணம் விளங்கக்கூடியதே. இரத்தத்தில் கால்சியம் ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இதயத் துடிப்பும் நரம்பும் தசையும் அதை நம்பியிருக்கின்றன. குடல் வழியே வரவு குறைந்தால் பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் சொல்கின்றன. உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டே இருந்தால் பல ஆண்டுகள் இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது, எலும்பு மட்டும் இளைத்துக்கொண்டே போகும். இந்த எலிகளின் தீவனத்தில், அமிலம் இல்லாமலே கரையும் கால்சியம் குளுக்கோனேட்டைச் சேர்த்தபோது அவை மீண்டன. நோயின் வேர் கரைதலில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்க்கவில்லை.

எலியிலிருந்து மனிதருக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 2006 டிசம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் யூ-ஷியாவ் யாங் குழுவினர் பிரிட்டிஷ் பொதுமருத்துவப் பதிவேடுகளிலிருந்து 50 வயதைக் கடந்தவர்களின் 13,556 இடுப்பெலும்பு முறிவுகளை எடுத்து, முறிவு ஏற்படாதவர்களோடு ஒப்பிட்டு, ஜாமா இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் பம்ப் தடுப்பு மருந்து சாப்பிட்டவர்களிடம் முறிவின் வாய்ப்பு 1.44 மடங்கு. அதிக அளவில் நீண்டகாலம் சாப்பிட்டவர்களிடம் 2.65 மடங்கு. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியான கட்டுரை அது. டென்மார்க்கிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் இதை ஒத்த முடிவுகள் வந்தன. 2010 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளின் குறிப்புகளில் எலும்பு முறிவு எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்விலிருந்து 2012-இல் வந்த முடிவு எனக்கு உதவியாக இருந்தது. மாதவிடாய் நின்ற ஏறக்குறைய 80,000 பெண்கள். மருந்து சாப்பிடாதவர்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 1.51 பேருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 2.02 பேருக்கு. மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்று சொன்னாலும் சரி, ஆயிரத்துக்கு அரைப் பேர் அதிகம் என்று சொன்னாலும் சரி, கணக்கு ஒன்றுதான். கேட்பவர் மனதில் அவை எழுப்பும் அச்சம்தான் வேறு. அதிலும் புகைபிடித்த அனுபவம் உள்ள பெண்களிடமே இந்தக் கூடுதல் தெரிந்தது. புகையே தொடாதவர்களிடம் கணக்கில் எடுக்கும்படியான வேறுபாடு இல்லை.

நீண்டகாலம் அமில மருந்து சாப்பிடுகிறவர்கள் சராசரியாகவே மற்றவர்களைவிட நோய் அதிகம் உள்ளவர்கள். வலி மாத்திரை, ஸ்டீராய்டு, பல மருந்துகள், தள்ளாமை, தடுமாறி விழும் வாய்ப்பு எல்லாம் அவர்களிடம் கூடுதல். பதிவேட்டு ஆய்வுகள் இவற்றைக் கணிதத்தால் கழித்துவிட முயல்கின்றன. முழுதாகக் கழிக்க முடிவதில்லை. மருந்துதான் எலும்பைக் கரைக்கிறது என்றால் ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி குறைந்து தெரிய வேண்டும். கனடாவின் மனிடோபா மாநிலத்தில் அதைத் தேடிப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில் நீண்டகால மருந்துக்கும் அடர்த்திக் குறைவுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை.

பிறகு 2019-இல் வந்தது காம்பஸ் சோதனை. இதய, இரத்தக்குழாய் நோயுள்ள 17,598 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குத் தினம் 40 மில்லிகிராம் பான்டோப்ரசோல், பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்து மூன்றாண்டு கவனித்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முன்பே நோய் அதிகம் உள்ளவர் ஒரு பக்கம் சேர்ந்துவிடும் குறை இதில் கிடையாது. குடல் தொற்று மட்டும் மருந்து சாப்பிட்டவர்களிடம் கூடுதலாக இருந்தது: 1.4 சதவீதம், மற்றவர்களிடம் 1 சதவீதம். எலும்பு முறிவில் வேறுபாடு இல்லை.

இந்தச் சோதனையைக் காட்டி விவாதம் முடிந்துவிட்டது என்று சொல்பவர்களோடு நான் முழுதாக உடன்படவில்லை. அதில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். மூன்றாண்டு என்பது எலும்புக்கு மிகக் குறுகிய காலம். நம் வீடுகளிலோ பத்தாண்டு, பதினைந்தாண்டு சாப்பிடுபவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பாலும் தயிரும் அருந்தாத ஒருவர் சோற்றையும் ரசத்தையும் கொண்டு அதில் பாதியை எட்டுவதே கடினம். வரவு இவ்வளவு மெலிந்திருக்கும் உடலில் சிறு இழப்பும் பொருட்படுத்த வேண்டியது. ஆகவே என் தீர்ப்பு இது: தேவை இருந்து சாப்பிடுகிறவர் எலும்புக்குப் பயந்து மருந்தை நிறுத்தக் கூடாது, தேவை முடிந்தபின்னும் சாப்பிடுகிறவர், முன்பே எலும்பு மெலிந்தவராகவும் இருந்தால், அதை மறுபரிசீலனை செய்யத் தயங்கக் கூடாது. எலும்பு முறிவைத் தடுக்க அலெண்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடும் முதியவர்களில், பம்ப் தடுப்பு மருந்தும் சேர்ந்தபோது அந்தப் பாதுகாப்பு குறைந்து தெரிந்ததாக 2011-இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு இந்த எச்சரிக்கைக்கு வலு சேர்க்கிறது.

கால்சியத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். சான்று இன்னும் வலுவாக இருப்பது மக்னீசியத்தில். 2006-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் இரண்டு நோயாளிகளைப் பற்றிய சிறு குறிப்பு வந்தது. நீண்டகாலம் ஒமெப்ரசோல் சாப்பிட்ட அவர்களுக்கு இரத்தத்தில் மக்னீசியம் அபாயகரமாக இறங்கியிருந்தது. அதைத் தொடர்ந்து பல இடங்களிலிருந்து இதே போன்ற நோயாளிகள் பதிவானார்கள். கை கால் தசை இழுப்பு, வலிப்பு, இதயத் துடிப்பு தாறுமாறாவது என்று அறிகுறிகள் கடுமையானவை. 2011 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தனி எச்சரிக்கை வெளியிட்டது. அவர்கள் ஆராய்ந்த நோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு மக்னீசியத்தை மட்டும் கொடுத்துப் பயனில்லை. மருந்தை நிறுத்திய பிறகே சரியானது. மக்னீசியம் மிகவும் குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி தன் வேலையைச் செய்யாது. அப்போது கால்சியமும் இறங்கும், எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் ஏறாது. அரிதான விளைவுதான். ஆனால் வயதானவருக்கு, அதிலும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு, அடிக்கடி கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றால் ஒரு மக்னீசியப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. கால்சியத்தை அடிக்கடி பரிசோதிக்கிற நம் மருத்துவமனைகளில் இதை நினைத்துப் பார்ப்பவர் குறைவு.

இரும்பின் நிலை வேறு. தாவர உணவின் இரும்பு உறிஞ்சப்பட வேண்டுமானால் அது கரைந்த நிலையில் இருக்க வேண்டும், ஃபெர்ரிக் வடிவிலிருந்து ஃபெர்ரஸாக மாற வேண்டும். இரண்டுக்கும் அமிலம் துணை செய்கிறது. இதற்கான சான்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. ஹீமோகுரோமடோசிஸ் என்பது இரும்பு அளவுக்கு மீறி உடலில் சேரும் பரம்பரை நோய். அடிக்கடி இரத்தத்தை எடுத்து வெளியேற்றுவதே அதற்கு வைத்தியம். பம்ப் தடுப்பு மருந்து சாப்பிட்ட அந்நோயாளிகளுக்கு எடுக்க வேண்டிய இரத்தத்தின் அளவு வெகுவாகக் குறைந்ததை 2007-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவர்களுக்கு நன்மையான அதே விளைவு, சோகை பரவலாக இருக்கும் நம் நாட்டுப் பெண்களுக்குத் தீங்கு. இறைச்சியின் ஹீம் இரும்பு அமிலத்தை இந்த அளவுக்கு நம்பியிருப்பதில்லை. கீரையையும் பயறையும் மட்டும் நம்பியிருப்பவருக்கே இழப்பு. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றின் வைட்டமின் சி இந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டும். பி12-உம் இப்படியே. உணவின் புரதத்திலிருந்து அதைப் பிரிக்க அமிலமும் பெப்சினும் வேண்டும். இரண்டாண்டுக்கு மேல் இம்மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடம் பி12 குறைபாடு 1.65 மடங்கு கூடுதலாகத் தெரிந்ததாக 2013-இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பி12 குறைந்தால் பாதம் மரத்து நடை தள்ளாடும். முறிவுக்கு முன்னால் ஒரு விழுதல் இருக்கிறது என்பதை எலும்பு அடர்த்தியை மட்டும் பார்க்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு பேச்சும் இப்போது வீடியோக்களில் பரவுகிறது: நெஞ்செரிச்சலுக்குக் காரணமே அமிலக் குறைவுதான், வயதானால் எல்லோருக்கும் அமிலம் வற்றிவிடும், ஆகவே ஆப்பிள் சைடர் வினிகர் குடியுங்கள் என்று. வயதானவர்களின் வயிற்றில் அமிலம் வற்றிவிடுகிறது என்பது பழைய நம்பிக்கை. 65 வயதைக் கடந்தவர்களை நேரடியாகப் பரிசோதித்து 1997-இல் வெளியான ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கு அமிலம் சுரந்துகொண்டுதான் இருந்தது. உண்மையில் அமிலம் வற்றுவது இரைப்பையின் மேல்பகுதி நீண்டகால அழற்சியால் சிதைந்தவர்களுக்கு. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும், உடல் தன் செல்களையே தாக்கும் ஒருவகை நோயும் அதற்குக் காரணங்கள். இவர்களுக்கு வேண்டியது எண்டோஸ்கோப்பி, இரத்தப் பரிசோதனை, கிருமி இருந்தால் அதற்கான சிகிச்சை. அல்சர் இருப்பவர் வினிகரைக் குடித்தால் புண் மேலும் எரியும், பல்லின் எனாமலும் கரையும்.

மாத்திரையைக் குறைக்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. 2009-இல் கோபன்ஹேகனில், வயிற்றுத் தொந்தரவே இல்லாத 120 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பின் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ வந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம் பேருக்கு மட்டும். அடக்கி வைத்திருந்த அமிலம் சில வாரம் வேகமெடுத்துச் சுரக்கிறது. இதைத்தான் பலர் ‘மாத்திரை இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை’ என்று அர்த்தப்படுத்திக்கொண்டு மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, இடையில் எரிச்சல் வந்தால் ஜெலுசில் போன்ற சாதாரண மருந்தால் சமாளித்து, மருத்துவரிடம் சொல்லிவிட்டு மெதுவாக இறங்கலாம். இரத்தக்கசிவு வந்தவர், ஆஸ்பிரின் போன்றவற்றைத் தொடர்ந்து சாப்பிடுபவர், உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர் இதைத் தாமாகச் செய்யவே கூடாது.

தொடர்ந்தே ஆக வேண்டியவருக்கு வழி எளிது. கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், அதற்குமேல் போனால் உறிஞ்சப்படும் விகிதம் குறைந்துவிடும். இரும்பு மாத்திரையை அதோடு சேர்க்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்காக இந்திய அரசு 2014-இல் வெளியிட்ட கால்சிய வழிகாட்டி இதைத் தெளிவாகவே சொல்கிறது: 14-ஆவது வாரத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை நாளுக்கு இரண்டு மாத்திரை, வெறும் வயிற்றில் வேண்டாம், இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் கர்ப்பிணிக்குச் சொல்லித் தரும் இந்த விவரத்தை, அறுபது வயதுப் பெண்ணுக்குச் சொல்ல யாரும் இல்லை. அவருக்கு மருந்தை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் அட்டையில் ‘காலை’ என்று ஒரு கோடு போட்டுத் தருவதோடு சரி.

சாப்பாட்டோடு போட்டாலும் குறை தீராத ஒரு கூட்டமும் இருக்கிறது. புற்றுநோய்க்காகவோ பழைய அல்சருக்காகவோ இரைப்பை அகற்றப்பட்டவர்கள், உடல் பருமனுக்காக இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்கள். இவர்களிடம் அமிலம் குறைவது மட்டுமல்ல, கால்சியம் திறமையாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடலையே உணவு தொடாமல் போய்விடுகிறது. 2015-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆன் ஷேஃபர் குழுவினர் மாற்றுவழி அறுவைக்கு முன்னும் ஆறு மாதம் பின்னும் அளந்தார்கள். வைட்டமின் டி போதுமான அளவில் வைக்கப்பட்டிருந்தது, கால்சியமும் கொடுக்கப்பட்டது. அப்படியிருந்தும் உறிஞ்சுதல் 32.7 சதவீதத்திலிருந்து 6.9 சதவீதமாகச் சரிந்தது. இவர்களுக்கு விலை கூடினாலும் சிட்ரேட்தான் பொருத்தம் என்று அறுவை மருத்துவர்களின் வழிகாட்டிகள் சொல்கின்றன. பி12, இரும்பு, வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் குறித்த இடைவெளியில் பரிசோதிக்கவும் சொல்கின்றன. சென்னையிலும் கோவையிலும் இந்த அறுவை இப்போது சாதாரணமாக நடக்கிறது. எடை குறைந்த மகிழ்ச்சியில் இரண்டாவது ஆண்டிலேயே பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடும் முப்பது வயதுக்காரருக்கு எலும்பு மெலிவது தெரிய இன்னும் இருபது ஆண்டு ஆகலாம். அறுவை நாளன்றே, வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், எந்த மாதம் எந்தப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.